ஆச்சு என்று சொன்ன தெரு

சுகந்தி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். நகராட்சி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"சார், நம்ம மடலை இனிமே தாள்ல அடிக்க வேணாம்னு பேச்சு ஓடுதுங்க. எல்லார் போனுக்கும் அனுப்பிடலாங்கறாங்க. ரெண்டு டிக் விழுந்துட்டா போய்ச் சேந்துடுச்சுன்னு தெரிஞ்சுடும்ல? அதுக்கு முன்னாடி, நீங்கள்லாம் எப்படிக் குடுத்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க. கூட்டத்துல வைக்கணும்."

"ஒரு பக்கம் போதுமாம்மா?"

"அதுக்கு மேல யாரு சார் படிக்கிறாங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. மடலை எப்படிக் கொடுத்தோம் என்று எழுதினால், ஒருமுறை கொடுக்காமல் விட்டதையும் எழுதியாக வேண்டும். அதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. 

பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக இருபத்தேழு வருடம் நகராட்சிப் பணியில் இருந்தேன். இதில் வருவது இரண்டில் எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. நடந்த தவறு ஊருடையது அல்ல, என்னுடையது. தட்டச்சராகச் சேர்ந்தேன். நாலு வருடம் பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை திருத்தினேன். பிறகு வரிப் பிரிவு, பிறகு குடிநீர்ப் பிரிவு. அலுவலகத்தில் ஓரளவு பிழையில்லாமல் தமிழ் எழுதுபவன் என்று பெயர் வாங்கியதால் மடல் என் மேசைக்கு வந்தது.

மடல் என்றால் நாலு பக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர், எங்கே மருத்துவ முகாம், எந்தப் பாலம் வேலைக்காக மூடப்படுகிறது, நாய்க்கு எங்கே ஊசி போடுகிறார்கள், இவைதான் விஷயம். அச்சகத்திலிருந்து கட்டுகளாக வரும். பாதிக் கட்டுகளைச் செய்தித்தாள் முகவரிடம் கொடுப்போம், அவர் நாளிதழுக்குள் வைத்து அனுப்புவார். மீதியை வார்டு உறுப்பினர்களிடம் கொடுப்போம். கொஞ்சம் அலுவலக வாசலில் ஒரு மேசை மேல் கிடக்கும். ஒரு வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். வேலை முடிந்தது என்று கோப்பில் குறித்துவிடுவேன்.

செல்வநாயகி மேடம் மேலாளராக மாற்றலாகி வந்தது அப்போதுதான். உடையார்பாளையத்துக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். வெயிலோ மழையோ, அக்குளில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். நாம் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க மாட்டார், முகம் சுளிக்கவும் மாட்டார். அந்த அமைதியில் நாமே உண்மையைச் சொல்லிவிடுவோம். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தணிந்துவிடும். ஆகவே அவர் மெதுவாகப் பேசும்போதுதான் அலுவலகம் பயந்தது.

வந்த இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்த மடல் எத்தனை வூட்டுக்குப் போச்சு?"

"எல்லா வீட்டுக்கும் போயிடுச்சு மேடம்."

"எப்படித் தெரியும்?"

"கட்டு காலியாயிடுச்சுங்களே."

அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார்.  

"கட்டு காலியானா வூட்டுக்குப் போச்சுன்னு அர்த்தமா சார்?" என்றார் மெதுவாக. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, ஒரு தெரு நடந்துட்டு வரலாம்."

அலுவலகத்திலிருந்து மூன்றாவது தெரு. நான் முதல் வீட்டில், "நகராட்சி மடல் வந்துச்சாங்க?" என்று கேட்கப் போனேன். மேடம் என் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார். பிறகு அவரே கேட்டார். "ஞாயித்துக்கிழம நாய்க்கு ஊசி போடுறாங்களே, எங்கன்னு தெரியுமாங்க?"

வாசலில் நாயோடு நின்ற ஆள், "ஊசியா? யாரு போடுறா? எங்களுக்கு யாரும் சொல்லலைங்களே" என்றார். அந்தச் செய்தி மடலின் முதல் பக்கத்தில் இருந்தது. நான் எழுதியது.

அடுத்த வீட்டு அம்மா, "பேப்பர் வாங்குற வூட்டுக்குத்தான் அதுக்குள்ள வச்சுப் போடுவாங்க. எங்க வூட்டுல டிவி மட்டும்தான்" என்றார். அதற்கடுத்த வீட்டில் மடல் இருந்தது. சமையலறை அலமாரியில் விரித்து மேலே மிளகாய்த்தூள் டப்பா வைத்திருந்தார்கள். "தாளு நல்லா வழவழன்னு இருக்குங்க. அடுத்த தடவை ரெண்டா குடுங்க, மேல்தட்டுக்கும் வேணும்" என்றார் அந்தப் பெண். நான் தலைகுனிந்தேன். மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இந்த வூட்டுக்காவது போய்ச் சேந்துச்சு சார்."

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுகந்திக்கு ஒரு பக்கம்தான் வேண்டுமென்றால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "வந்துச்சான்னு கேட்டா எல்லாரும் வந்துச்சும்பாங்க, நம்மள அனுப்பிவுட்டா போதும்னு. அதுல என்ன இருக்குன்னு கேக்கணும்."

தினமும் எல்லா வீட்டு வாசலுக்கும் போகிறவர் யார் என்று அவர் ஒரு வாரம் விசாரித்தார். தபால்காரர் கடிதம் உள்ள வீட்டுக்குத்தான் போவார். பால்காரர் வாடிக்கை வீட்டுக்குத்தான். குப்பை வாங்கும் பேட்டரி வண்டிதான் ஒரு வாசலையும் விடுவதில்லை. எந்த வீட்டில் மாடியில் ஒரு குடித்தனம், எந்த வீட்டில் பின்கட்டில் ஒரு குடித்தனம், யார் சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார், வெங்காய அறுவடை நாளில் எந்தத் தெரு காலையிலேயே பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடும் என்பதெல்லாம் எங்கள் கோப்பில் கிடையாது. தூய்மைப் பணியாளர்களுக்கு மனப்பாடம்.

கூட்டம் போட்டார். பணியாளர்கள் வழக்கம்போல் சுவரோரம் நின்றார்கள். எல்லாருக்கும் நாற்காலி வரும்வரை மேடமும் உட்காராமல் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் பவளக்கொடி எழுந்தாள். நாற்பது வயது, வண்டி ஓட்டுகிறவர்களில் மூத்தவள், யாரிடமும் தயங்காத வாய்.

"குப்பை வாங்குற கையால பேப்பர் குடுத்தா வாங்குவாங்களா மேடம்? தண்ணி கேட்டாலே சொம்பத் தள்ளி வச்சு ஊத்துறவங்க இருக்காங்க."

 மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்றது நெசம்தான்" என்றார். "அதனால மொதல்ல மடல், அப்புறம்தான் குப்பை. கையுறையக் கழட்டிட்டு, பையிலேந்து எடுத்து, கையில குடுக்கணும். கீழ வச்சிட்டுப் போன்னு சொன்னா வைக்கக் கூடாது. மொத நாள் உங்க வண்டியில நான் வரேன்."

சொன்னபடி வந்தார். ஒரு பெரிய வீட்டுக்காரர் பவளக்கொடியைப் பார்த்து, "அங்கயே படியில வச்சிட்டுப் போம்மா" என்றார். மேடம் வண்டிக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தார். குரல் தணிந்தே இருந்தது. "சார், இது நகராட்சி உங்களுக்கு எழுதுன கடுதாசி. கையில வாங்கிக்கணும்." அவர் மேடத்திடம் கை நீட்டினார். மேடம் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பவளக்கொடி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் பவளக்கொடி, "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தானா மேடம்? வாராவாரம் அடிங்களேன்" என்றாள்.

கையில் கொடுப்பதோடு ஒரு வரியும் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த இன்னொரு முறை. மடலில் எது முக்கியமோ அது ஒரே வரியில் முதல் பக்கத்தின் தலையில் இருக்கும். அந்த வரியை எழுதுவது என் வேலை. எழுதி எடுத்துக்கொண்டு போனால், பவளக்கொடியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்வார். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒருமுறை கேட்டதும் அவளால் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் அந்த வரி செல்லாது. 'பராமரிப்புப் பணிகளின் நிமித்தம்' என்று நான் ஆரம்பித்த ஒரு வரியைக் கேட்டு அவள், "சார், இத நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க கதவச் சாத்திடுவாங்க" என்றாள். பத்தொன்பது வருடம் அலுவலகத் தமிழ் எழுதியவன், அவளிடம்தான் வரி எழுதக் கற்றுக்கொண்டேன்.

பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் ஒரு நடை. சிமெண்ட் ஆலை வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளுக்கு, அவர்களில் தமிழ் தெரிந்த ஒரு கொத்தனார் மூலம் அந்த ஒரு வரி. போனையும் மேடம் விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு போன்தான் இருக்கும், அது லாரி ஓட்டுகிறவரோடு வெளியூர் போய்விடும், வீட்டில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்பார். மடல் கொடுத்த மூன்றாம் நாள் குடையோடு கிளம்பி, ஒவ்வொரு வண்டியின் பாதையிலும் சில கதவுகளைத் தட்டி, "மடல்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு வருவார். சரியான பதில் வந்த தெருவுக்குப் பென்சிலில் ஒரு கோடு. வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு அலைய ஓர் அதிகாரிக்கு என்ன தலையெழுத்து என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. ஒரு வருடத்தில் நாய் ஊசி முகாமில் வரிசை நின்றது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. அது அவருக்கு முன்னாலிருந்தே இருந்தது. அலுவலக ஊழியர்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு அவரவரே மடல் கொண்டுபோவது. என் தெரு ஊரின் விரிவாக்கத்தில் கடைசி. வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். "எதுக்கு மேடம் அவ்வளவு தூரம், நான்தான் தினம் போறேனே" என்றேன். அவர் பென்சிலை உருட்டினார். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போற வேலை ஆபீஸ் வேலை மாதிரி நடக்காது சார்" என்றார். ஆனாலும் என் மேல் இருந்த மதிப்பில் விட்டுவிட்டார்.

இப்போது அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

மூன்று நாள் மழை. விரிவாக்கப் பகுதிக்குப் போகும் குடிநீர்க் குழாய் ஒரு சாக்கடைக்குப் பக்கத்தில் உடைந்தது. புதன்கிழமை காலை குடிநீர்ப் பிரிவு கண்டுபிடித்து அடைத்தது. அதற்குள் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. பரிசோதனை முடியும்வரை அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, லாரியில் தண்ணீர் வரும் என்று அறிவிக்க வேண்டும். மேடம் ஒரே பக்கத்தில் சிறப்பு மடல் அடிக்கச் சொன்னார். வரியை நான்தான் எழுதினேன்: 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், லாரித் தண்ணீர் வரும்.' பவளக்கொடி ஒருமுறையில் சொல்லிவிட்டாள். மதியம் மூன்று மணிக்குக் கட்டுகள் பிரிந்தன. என் தெருக் கட்டை வாங்கி ஸ்கூட்டர் இருக்கையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

கிளம்பும்போது என் மகள் யாழினியின் பள்ளியிலிருந்து போன். அப்போது ஒன்பதாவது படித்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். "அப்பா, மழையில சீக்கிரம் விட்டுட்டாங்க. கேட்டுல நிக்கிறேன்" என்றாள். விரைந்து போய் ஏற்றிக்கொண்டேன். பாதி வழியில் மேடம் கூப்பிட்டார். தண்ணீர் லாரி ஓட்டுநர்களுக்கு இடம் தெரியவில்லை, உடனே வர வேண்டும். யாழினியை வாசலில் இறக்கிவிட்டு, "தலையத் துவட்டு, சளி புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தெருவில் அந்த மழையில் யாரும் இல்லை. போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தலையைத் துவட்டச் சொன்னேன். தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு மேடம் அலுவலகத்தில் நின்றுகொண்டே தெருப் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஆள், "ஆச்சு மேடம்" என்றார்கள். என் தெரு வந்தது. நான் போனில் ஒரு லாரிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தி, "ஆச்சு மேடம்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கட்டு என்னிடம் இருக்கிறது, தெரு என்னுடையது, போகும் வழிதானே. சொல்லி முடித்த பிறகு அது உண்மையாகவே ஆகிவிட்டது போல மனதிலிருந்து கழன்றுவிட்டது. செய்தி எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததால் என் தெருவுக்கே தெரிந்திருக்கும் என்று எங்கோ ஒரு நம்பிக்கை. அன்றும் மறுநாளும் லாரிகளோடு அலைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தேன். எங்கள் கடைசித் தெருவுக்கு லாரி இன்னும் வந்திருக்கவில்லை. என் மனைவி மல்லிகா பள்ளி ஆசிரியை. காலையில் தண்ணீர் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் போவாள். ஆகவே வீட்டைப் பற்றியும் நான் நினைக்கவில்லை. காய்ச்சின தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது என்று யாழினி தினமும் குழாயில் பாட்டிலைப் பிடித்துக்கொள்வது எங்கள் இருவருக்குமே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர் மேடத்திடம் பேசினார். வாந்தி பேதியோடு ஆட்கள் வருகிறார்கள், எல்லாருடைய முகவரியும் ஒரே தெரு. மேடம் தெருவின் பெயரைத் திருப்பிச் சொன்னார். அறையில் நான், சுகாதார ஆய்வாளர், கையெழுத்துப் போட வந்திருந்த பவளக்கொடி எல்லாரும் இருந்தோம்.

"விரிவாக்கம்தானே? அது பவளக்கொடி வண்டி. என்னம்மா, மழைன்னு கோட்டை வுட்டுட்டியா?" என்றார் ஆய்வாளர்.

பவளக்கொடிக்கு முகம் சிவந்தது. "என் ரூட்டுல ஒரு வூடு வுட்டிருந்தாச் சொல்லுங்க சார், வண்டிச் சாவிய இங்கயே வச்சுட்டுப் போயிடறேன். ஒரு வூட்டுல ஆளு குளிச்சிக்கிட்டிருந்தாரு, பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு கத்திச் சொல்லிட்டு வந்தவ நான்."

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மல்லிகா. "ஸ்கூலுக்குக் கெளம்பும்போது யாழினி மயங்கி வுழுந்துட்டா. பக்கத்து வூட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். எங்க இருக்கீங்க?"

"இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பிறகு மேடத்தைப் பார்த்தேன். "அது பவளக்கொடி தெரு இல்ல மேடம். என் தெரு. நான் குடுக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் அந்தத் தணிந்த குரலுக்காகக் காத்திருந்தேன்.

"கட்டு எங்க இருக்கு?"

"வண்டியில, சீட்டுக்கு அடியில. என் பொண்ணும் மேடம்... அவளும் அங்கதான்..." ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தேன்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. தெருவ நான் பாத்துக்கறேன்." குடையை எடுத்தவர் வாசலில் நின்று திரும்பினார். "நேத்து எல்லாத் தெருவுலயும் கேட்டுட்டு வந்தேன் சார். உங்க தெருவுக்கு மட்டும் போகல. உங்க தெருதானேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

இருபத்தேழு வருடத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர், என் தவறு வெட்டவெளிச்சமான நிமிடத்தில், தன் தவறை எடுத்துச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

அதன்பிறகு தெருவில் நடந்ததைப் பவளக்கொடி சொல்லித்தான் தெரியும். இருக்கைக்கு அடியில் மழைநீர் இறங்கி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. பிரித்தால் கிழிந்தது. மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். "பேப்பர் ஒட்டிக்கிட்டா என்னங்க மேடம், என் வாய் ஒட்டிக்கலையே, வாங்க" என்று பவளக்கொடி முதல் கதவைத் தட்டினாளாம். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் மேடம். நாற்பது வீட்டுக்கும் அந்த ஒரு வரி வாயாலேயே போனது. அதோடு விடாமல், வாந்தி பேதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தவர்களைத் தன் ஜீப்பிலேயே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, மேடம் அந்தத் தெருவில் மதியம்வரை நின்றார். என் வீடு பூட்டியிருந்தது. வாசல் குழாயைத் திறந்துவிட முடியாதபடி ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

நான் யாழினியின் கட்டிலருகே இருந்தேன். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. டிரிப்ஸ் ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அவள் அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. ஒவ்வொரு சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு, 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்ற என் வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. பக்கத்துக் கட்டிலில் எதிர் வீட்டுப் பெரியவர். அதற்கடுத்து ஒரு தாயும் கைக்குழந்தையும். எல்லாரும் என் தெரு. அவர்கள் என்னைத் தங்களைப் போலப் பிள்ளையைப் பறிகொடுக்கப் பயந்து நிற்கும் ஒருவனாகத்தான் நினைத்தார்கள். அந்தத் தாய் எனக்குத் தேநீர் வாங்கித் தரச் சொல்லித் தன் கணவனை அனுப்பினாள். அதை நான் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாழினி கண்ணைத் திறந்து, "பசிக்குதுப்பா" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அது என் சாமர்த்தியம் அல்ல, வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பேரும் தட்டிய கதவுகள்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும், அடுத்த மடலுக்கு அறிவிப்பு எழுதச் சொன்னார் மேடம். நான், 'நிர்வாகக் காரணங்களால் சில பகுதிகளுக்கு அறிவிப்பு தாமதமாகச் சென்றடைந்தது' என்று எழுதினேன். அவர் பென்சிலால் அடித்தார்.

"நிர்வாகம்னா யாரு சார்? நீங்களும் நானும்தானே?"

தெருவின் பெயரைப் போட்டு, 'எங்கள் கவனக்குறைவால் அறிவிப்பு இரண்டு நாள் தாமதமாக வந்தது, மன்னிக்கவும்' என்று அவரே எழுதினார். இதை அச்சில் போடுவதா என்று மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. மடல் வந்தது. என் தெருக் கட்டை என் மேசை மேல் வைத்தார்.

"கடைசியா ஒரு தடவை நீங்களே குடுத்துடுங்க சார். கையில குடுத்து, ஒரு வரி சொல்லணும்."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை நாற்பது வீட்டுக்கும் நடந்தேன். எதிர் வீட்டுப் பெரியவர் மடலை வாங்கிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார். "ஒம் பொண்ணும்ல படுத்துக் கெடந்துச்சு" என்றார். அவ்வளவுதான். ஒருவர் திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றேன். கைக்குழந்தைக்காரி மடலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அதில் அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

கடைசி வீடு என்னுடையது. அழைப்பு மணியை அழுத்தினேன். யாழினி கதவைத் திறந்து, "என்னப்பா, சாவி இல்லையா?" என்றாள். அவள் கையிலும் ஒரு மடலைக் கொடுத்தேன். "இது தாமதமா வந்தது என்னாலதான்மா. என் வண்டியிலயே இருந்துச்சு. குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்" என்றேன். அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். யாழினி திறந்தாள். குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"நகராட்சியிலேந்து வரேன்மா. மடல்ல என்ன போட்டிருக்கு?"

"எங்க தெருவுக்கு லேட்டா வந்துச்சுன்னு போட்டிருக்கு" என்றாள் யாழினி. கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பா வண்டியிலயே இருந்துச்சாம்" என்றாள்.

"அப்படின்னு மடல்ல போடலியே."

"அது போடல. அப்பா சொன்னாரு."

பென்சில் தாளில் ஓடும் சத்தம் கேட்டதாக எனக்கு ஒரு நினைவு. அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்காது. நான் வெளியே வந்தேன். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு யாழினியிடம் திரும்பினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் சமையலறைப் பக்கம் போனாள். காய்ச்சின தண்ணீர்ப் பானை இருந்த இடத்துக்கு.

"குழாய்லயே புடிச்சுக் குடும்மா. பரிசோதனை முடிவு வந்துடுச்சு, நல்ல தண்ணி."

யாழினி என்னைப் பார்த்தாள்.  சரி என்று தலையாட்டினேன். வாசல் குழாயில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். மேடம் நின்றபடியே, நிதானமாக, டம்ளர் காலியாகும்வரை குடித்தார்.

"அடுத்த தடவையிலேந்து இந்தத் தெரு பவளக்கொடிக்குப் போயிடும் சார்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.